அமிலம் குறைக்கும் மாத்திரையும் பெருங்குடல் புற்றுநோயும்: சிமெடிடினின் அரை நூற்றாண்டு

சிமெடிடின் என்பது வயிற்றில் அமிலச் சுரப்பைக் குறைக்கும் மருந்து. குடற்புண்ணுக்கும் நெஞ்செரிச்சலுக்கும் 1976 முதல் பயன்பட்டு வருவது. இந்த மருந்து பெருங்குடல் புற்றுநோயிலும் துணை செய்யுமா என்ற கேள்வி 1980களிலிருந்து டென்மார்க், ஆஸ்திரேலியா, ஜப்பான் ஆகிய நாடுகளின் அறுவை மருத்துவர்களால் ஆராயப்பட்டது. கிடைத்த விடைகளில் சில வியப்பூட்டின, சில ஏமாற்றின. ஐயத்தைத் தீர்க்கும் அளவுக்குப் பெரிய ஆய்வு நடக்காமலே அந்த ஆய்வுகளின் ஓட்டம் தளர்ந்தது.

பேச்சுவழக்கில் அசிடிட்டி மாத்திரை, அல்சர் மாத்திரை, கேஸ் மாத்திரை என்று பொதுவாக அழைக்கப்படும் மருந்துகள் உண்மையில் மூன்று வகை. முதல் வகை, அலுமினியம் ஹைட்ராக்சைடு, மெக்னீசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரப் பொருட்கள். இவை ஏற்கெனவே சுரந்த அமிலத்தை வயிற்றுக்குள்ளேயே முறிக்கின்றன. இரண்டாம் வகை, சுரப்புக்குக் கட்டளை தரும் ஹிஸ்டமின் என்னும் பொருளைத் தடுப்பவை. சிமெடிடின், ரானிடிடின், ஃபமோடிடின் இவ்வகையைச் சேர்ந்தவை. மூன்றாம் வகை, அமிலத்தை வெளியே தள்ளும் நொதியையே நிறுத்துபவை. ஒமிப்ரசோல், பான்டாப்ரசோல் இதில் அடங்கும். பெருங்குடல் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்பட்டது இரண்டாம் வகைதான், அதிலும் குறிப்பாகச் சிமெடிடின்.

மருந்து பிறந்த கதை

ஹிஸ்டமினின் இயல்புகளை இங்கிலாந்தில் ஹென்றி டேல் 1910இல் விரிவாக ஆராய்ந்தார். அது வயிற்றில் அமிலத்தைப் பெருகச் செய்கிறது என்பதைப் போலந்து அறிஞர் லியோன் போபியெல்ஸ்கி 1920இல் வெளியிட்டார். 1930களின் இறுதியில் ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகள் வரத் தொடங்கின. அவை தும்மலையும் தோல் தடிப்பையும் அடக்கின. அமிலச் சுரப்பை மட்டும் அவற்றால் அசைக்க முடியவில்லை. குடற்புண் முற்றியவர்களுக்கு இரைப்பையின் ஒரு பகுதியை வெட்டி நீக்குவது, அல்லது இரைப்பைக்குச் செல்லும் வேகஸ் நரம்பைத் துண்டிப்பது என்ற நிலையே பல்லாண்டுகள் நீடித்தது.

ஸ்காட்லாந்தில் பிறந்த ஜேம்ஸ் பிளாக் இந்த முட்டுக்கட்டைக்கு ஒரு விளக்கம் கண்டார். இதயத் துடிப்பைத் தணிக்கும் புரோப்ரனலால் மருந்தை அதற்கு முன்பே உருவாக்கியிருந்தவர் அவர். உடலில் ஹிஸ்டமின் போய் ஒட்டும் ஏற்பிகள் ஒரே வகையல்ல, இரைப்பையில் இருப்பது வேறொரு வகை என்பது அவருடைய கருத்து. 1964இல் லண்டனுக்கு வடக்கே வெல்வின் கார்டன் சிட்டியில் ஸ்மித் க்ளைன் அண்ட் ஃபிரெஞ்ச் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இந்தத் தேடல் தொடங்கியது. ராபின் கனெலின், கிரஹாம் டியூரன்ட், ஜான் எம்மெட் ஆகிய வேதியியலாளர்களும் மருந்தியல் பக்கத்தில் மைக்கேல் பார்சன்ஸும் உடன் உழைத்தனர். ஹிஸ்டமினின் மூலக்கூறைச் சிறிது சிறிதாக மாற்றி நூற்றுக்கணக்கான சேர்மங்களைச் செய்து பார்த்தார்கள். முதல் நான்கு ஆண்டுகளில் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

1972இல் புரிமமைடு என்ற சேர்மத்தைக் கொண்டு இரண்டாவது ஏற்பி உண்டு என்பதை அவர்கள் நிறுவினார்கள். ஆனால் அதை வாய்வழியாகக் கொடுத்தால் போதிய அளவு உடலில் சேரவில்லை. அடுத்து வந்த மெட்டியமைடு நன்றாக வேலை செய்தது; என்றாலும் அதை உட்கொண்ட சிலருக்கு இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைந்தன. குறைக்குக் காரணம் என்று கருதப்பட்ட கந்தகம் கொண்ட பகுதியை எடுத்துவிட்டு, சயனோகுவானிடின் என்ற வேறொரு பகுதியை வைத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் சிமெடிடின். 1976 நவம்பரில் பிரிட்டனிலும் 1977இல் அமெரிக்காவிலும் டாகமெட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. 1979க்குள் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் அது கிடைத்தது. அறுவை மேசையில் தீர வேண்டியிருந்த நோய் மாத்திரையில் தீர்ந்தது. 1988இல் பிளாக்குக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது; கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

புற்றுநோயின் பக்கம் திரும்பிய பார்வை

இவ்வளவு பேர் உட்கொள்ளும் மருந்தில் எதிர்பாராத விளைவுகள் கண்ணில் படுவது இயல்பு. 1979இல் லான்செட் இதழில் அமெரிக்க மருத்துவர்களின் ஒரு சிறு கடிதம் வெளிவந்தது. சிமெடிடின் எடுத்துக்கொண்ட இரு புற்றுநோயாளிகளிடம் கட்டி சுருங்கியதைக் கண்டதாகவும், மருந்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாமோ என்றும் அதில் கேட்டிருந்தார்கள். இரண்டு பேரை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது எழுதியவர்களுக்கே தெரியும். அதனால்தான் தலைப்பையே கேள்வியாக வைத்தார்கள். 1981இல் எலிகளில் சிமெடிடின் கட்டி வளர்ச்சியைக் குறைத்ததாக அதே இதழில் ஆய்வுகள் வந்தன.

வயிற்று அமிலத்துக்கும் புற்றுநோய்க்கும் என்ன உறவு என்ற ஐயம் இயல்பாக எழும். அமிலத்துக்கு இதில் பங்கில்லை என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். ஹிஸ்டமின் இரைப்பைக்கு மட்டும் உரியதல்ல. நோய் எதிர்ப்பு வேலையில் ஈடுபடும் வெள்ளணுக்களின் மேலும் அதே இரண்டாம் வகை ஏற்பிகள் உள்ளன. ஹிஸ்டமின் அவற்றில் ஒட்டும்போது, தாக்குதலை அடக்கும் அணுக்கள் கிளர்ந்தெழுகின்றன. பெரிய அறுவை சிகிச்சையின்போதும் இரத்தம் ஏற்றும்போதும் ஹிஸ்டமின் மிகுதியாக வெளிப்படுகிறது. கட்டியை வெட்டி எடுக்கும் நாட்களில்தான் தப்பிய புற்றணுக்கள் இரத்தத்தில் அலைகின்றன. உடலின் காவல் தளர்வதும் அந்த நாட்களில்தான். அந்த நேரத்தில் ஹிஸ்டமினைத் தடுத்தால் காவல் தளராது என்பது முதல் எதிர்பார்ப்பு. பெருங்குடல் புற்றணுக்கள் சிலவற்றின் வளர்ச்சியை ஹிஸ்டமினே தூண்டுகிறது என்பதும் சிட்னி ஆய்வகத்தில் தெரியவந்தது.

மனிதர்களிடம் நடந்த முதல் முக்கிய ஆய்வு பெருங்குடலைப் பற்றியதல்ல, இரைப்பைப் புற்றுநோயைப் பற்றியது. டென்மார்க்கில் டோனசன் குழுவினர் 181 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சிமெடிடினும் மறு பிரிவுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். 1988இல் வெளியான முடிவின்படி, இடைநிலை உயிர்வாழ்வு சிமெடிடின் பிரிவில் 450 நாட்கள், மறு பிரிவில் 316 நாட்கள். இந்த வேறுபாடு பெருங்குடல் அறுவை மருத்துவர்களின் கவனத்தையும் ஈர்த்தது.

பூச்சி மருந்து காட்டிய வழி

சிமெடிடின் ஆய்வுகள் அக்காலத்தில் விசித்திரமாகத் தோன்றாததற்கு ஒரு காரணம் உண்டு. பெருங்குடல் அறுவைக்குப் பிந்தைய துணைச் சிகிச்சையே ஒரு பழைய, மலிவான மருந்தின் கையைப் பிடித்துத்தான் எழுந்து நின்றது. குடற்புழுக்களை வெளியேற்றும் லெவாமிசோல் மருந்தை 5-ஃப்ளூரோயுராசில் என்ற கீமோதெரபி மருந்தோடு சேர்த்துக் கொடுத்தார் அமெரிக்காவின் சார்ல்ஸ் மோர்ட்டல். நோய் நிணநீர்க் கணுக்கள் வரை பரவியவர்களில், அது திரும்பி வரும் அபாயம் 41 சதவீதமும் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் குறைந்ததாக 1990இல் அவருடைய குழு அறிவித்தது. லெவாமிசோல் நோய் எதிர்ப்பைத் தூண்டுகிறது என்பதே அப்போதைய விளக்கம்.

பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் வேறு முடிவைக் காட்டின. 2000இல் வெளியான பிரிட்டனின் குவாசர் ஆய்வில் லெவாமிசோலால் எந்தப் பலனும் தெரியவில்லை. வேலை செய்தது 5-ஃப்ளூரோயுராசில்தான். பூச்சி மருந்து உடன் வந்த துணையாகவே இருந்திருக்கிறது. ஒரே துறையில், ஒரே காலத்தில் நிகழ்ந்த இந்த வரலாறு சிமெடிடின் முடிவுகளை எடைபோடவும் ஓர் அளவுகோல் தருகிறது: தொடக்க எண்கள் எவ்வளவு எடுப்பாக இருந்தாலும், ஆயிரக்கணக்கானோரிடம் சோதிக்கும்வரை அவற்றை முடிவு என்று சொல்ல இயலாது.

சிட்னி, டென்மார்க், ஜப்பான்

பெருங்குடல் புற்றுநோயில் சிமெடிடினை முன்வரிசைக்குக் கொண்டுவந்தது ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஆடம்ஸும் மோரிஸும் செய்த ஒரு சிறு ஆய்வு. அறுவைக்கு முந்தைய 5 நாட்களும் பிந்தைய 2 நாட்களும் மட்டுமே அவர்கள் மருந்தைக் கொடுத்தார்கள். 1994இல் லான்செட்டில் வந்த முடிவின்படி, மூன்று ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் சிமெடிடின் பிரிவில் 93 சதவீதம், மறு பிரிவில் 59 சதவீதம். ஆய்வில் இருந்தவர்களோ மொத்தம் 34 பேர். இவ்வளவு சிறிய கூட்டத்தில் ஓரிருவரின் நிலை மாறினாலே சதவீதம் பெரிதாக அசையும். சிமெடிடின் பெற்றவர்களின் கட்டிக்குள் நிணநீர் அணுக்கள் கூடுதலாகத் திரண்டிருந்ததை அதே குழு 1997இல் அறிவித்தது.

டென்மார்க்கில் ஸ்வென்சன் குழுவினர் 192 நோயாளிகளுக்கு அறுவைக்குப் பின் இரண்டு ஆண்டுகள் சிமெடிடின் அல்லது வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். 1995இல் வந்த முடிவில், மொத்தக் கணக்கில் உறுதியான வேறுபாடு எதுவும் இல்லை. நிணநீர்க் கணுக்களுக்கு நோய் பரவியிருந்தவர்களிடம் மட்டும் நன்மையின் சாயல் தெரிந்தது. சிட்னியின் எண்ணை நம்பியவர்களுக்கு இது முதல் எச்சரிக்கை. அறுவைக்கு முன் மருந்து கொடுத்துச் செய்யப்பட்டு 1999இல் வெளிவந்த மற்றோர் ஆய்வும் மொத்தக் கணக்கில் தெளிவான நன்மையைக் காட்டவில்லை.

பரவலாக மேற்கோள் காட்டப்படும் ஆய்வு ஜப்பானுடையது. மட்சுமோடோ குழுவினர் பல மருத்துவமனைகளில் 64 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அனைவருக்கும் அறுவைக்குப் பின் 5-ஃப்ளூரோயுராசில் கொடுக்கப்பட்டது. அவர்களில் 34 பேருக்கு மட்டும் நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் சிமெடிடின் ஏறத்தாழ ஓராண்டு சேர்த்துத் தரப்பட்டது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது சிமெடிடின் பிரிவில் 84.6 சதவீதத்தினரும் மறு பிரிவில் 49.8 சதவீதத்தினரும் உயிரோடு இருந்தார்கள். இந்த முடிவு 2002இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் கேன்சர் இதழில் வெளியானது.

அந்த ஆய்வின் உண்மையான புதுமை, மருந்து யாருக்குப் பயன்பட்டது என்று பிரித்துப் பார்த்ததில் இருந்தது. புற்றணுக்கள் சிலவற்றின் மேற்பரப்பில் சியலில் லூயிஸ் ஏ, சியலில் லூயிஸ் எக்ஸ் என்ற சர்க்கரைக் கொத்துகள் நீட்டிக்கொண்டிருக்கும். சியலில் லூயிஸ் ஏ வேறொன்றுமல்ல. சிஏ 19-9 என்ற பெயரில் இரத்தப் பரிசோதனைகளில் அளக்கப்படுவது அதுவே. இந்தக் கொத்துகள் மிகுந்த கட்டி உடையவர்களில் பத்தாண்டு உயிர்வாழ்வு சிமெடிடினோடு 95.1 சதவீதம், இல்லாமல் 35.1 சதவீதம். கொத்துகள் குறைவாக இருந்தவர்களிடம் மருந்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

ஒட்டிக்கொள்ளும் அணுவும் தடுக்கும் மருந்தும்

இந்தப் பிரிவினைக்குப் பின்னால் ஓர் ஆய்வகக் கண்டுபிடிப்பு இருந்தது. புற்றணு இரத்தத்தோடு பயணம் செய்து கல்லீரலிலோ நுரையீரலிலோ குடியேற வேண்டுமானால், முதலில் இரத்தக் குழாயின் உட்சுவரைப் பற்றிக்கொள்ள வேண்டும். அச்சுவரில் ஈ-செலக்டின் என்ற புரதம் தோன்றும்போது, புற்றணுவின் சர்க்கரைக் கொத்து அதில் பூட்டில் சாவி போலப் பொருந்தி ஒட்டிக்கொள்கிறது. கோபயாஷி குழுவினர் 2000இல் கேன்சர் ரிசர்ச் இதழில் வெளியிட்ட ஆய்வில், சிமெடிடின் இந்த ஈ-செலக்டின் தோன்றுவதைத் தடுப்பதும், எலிகளில் கல்லீரலுக்குப் புற்று பரவுவதைக் குறைப்பதும் காட்டப்பட்டன.

அதே ஆய்வில் ரானிடிடினும் ஃபமோடிடினும் இந்த வேலையைச் செய்யவில்லை. அமிலத்தைக் குறைப்பதில் அவை சிமெடிடினுக்குச் சளைத்தவை அல்ல. ஆகவே சிமெடிடினின் இந்தச் செயல் அமிலத்தைத் தடுக்கும் செயலிலிருந்து வேறானது என்று தெரிகிறது. எல்லா அசிடிட்டி மாத்திரைகளும் இவ்வகையில் ஒன்றே என்ற எண்ணத்துக்கு இடமில்லை. டென்மார்க்கில் 740 நோயாளிகளிடம் ரானிடிடினைச் சோதித்த பெரிய ஆய்வும் மொத்தக் கணக்கில் உயிர்வாழ்வைக் கூட்டவில்லை.

கூட்டிப் பார்த்தபோது

தனித்தனி ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2012இல் வந்தது. செய்தவர்கள் நியூசிலாந்தின் தேவாவும் ஜேம்சனும். மொத்தம் 6 ஆய்வுகள் கணக்கில் வந்தன. அவற்றில் 5 சிமெடிடின் பற்றியவை, ஒன்று ரானிடிடின் பற்றியது. இரு மருந்துகளையும் சேர்த்துப் பார்த்தபோது நன்மையின் போக்கு தெரிந்தது, ஆனால் புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. சிமெடிடினை மட்டும் பிரித்தபோது இறப்பு அபாயம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஐந்து ஆய்வுகளையும் சேர்த்தாலும் நோயாளிகள் சில நூறு பேர்தான். பெரும்பாலானோர் சிகிச்சை பெற்றது இன்றைய கீமோதெரபி முறைகள் வருவதற்கு முன். நவீன சிகிச்சையோடு சேர்த்துப் பெரிய ஆய்வு தேவை என்றே மதிப்பாய்வு முடிந்தது. பழைய மருந்துகளைப் புற்றுநோய்க்கு மறுபயன்படுத்த முயலும் ரீடோ திட்டத்தினரும் 2014இல் சிமெடிடினை ஆராயத் தகுந்த மருந்தாக முன்மொழிந்தார்கள்.

அந்தப் பெரிய ஆய்வு ஏன் நடக்கவில்லை என்பதை மருந்தின் வணிக வரலாற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 1981இல் பிரிட்டனில் வந்த ரானிடிடின் சில ஆண்டுகளிலேயே விற்பனையில் சிமெடிடினை முந்தியது. 1980களின் இறுதியில் ஒமிப்ரசோல் வந்தது. குடற்புண்ணுக்குப் பெரும்பாலும் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவே காரணம் என்று ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் காட்டினார்கள். 2005இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார்கள். சிமெடிடினின் அமெரிக்கக் காப்புரிமை 1994இல் முடிந்தது. 1995இல் அங்கே மருந்துச் சீட்டு இல்லாமலே விற்க அனுமதி கிடைத்தது. யார் வேண்டுமானாலும் தயாரித்து மலிவாக விற்கக்கூடிய மருந்துக்காகப் பல ஆண்டுகள், ஆயிரம் இரண்டாயிரம் நோயாளிகள் என்று பெரும் பணம் செலவிட எந்த நிறுவனத்துக்கும் ஆதாயம் இல்லை. அந்தச் சுமையை அரசுகளும் பொது நிதியமைப்புகளும்தான் ஏற்க முடியும்.

மனமிருந்தால் இது நடக்கக்கூடியதே என்பதற்கு ஆஸ்பிரின் சான்று. சுவீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து நாடுகளில் நடந்த அலாஸ்கா என்ற ஆய்வின் முடிவு 2025இல் வெளிவந்தது. கட்டியில் பிஐ3கே என்னும் மரபணு வழியில் மாற்றம் உள்ளவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து, நாளொன்றுக்கு 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் மூன்று ஆண்டுகள் கொடுத்தபோது, நோய் திரும்பி வருவது ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. மட்சுமோடோ குழு 64 பேரிடம் கண்ட பாதையும் இதுவே: கட்டியின் அடையாளத்தைப் பார்த்து, பயன்பெறக்கூடியவருக்கு மட்டும் கொடுப்பது. ஆஸ்பிரினுக்கு அந்தப் பாதையின் முடிவுவரை போக ஆள் இருந்தது.

மாத்திரையின் மறுபக்கம்

சிமெடிடின் பாதுகாப்பான மருந்து என்ற பெயர் பெற்றது. ஆயினும் தீங்கற்றது அல்ல. கல்லீரலில் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை அது அடக்குகிறது. இதனால் இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், மூச்சிரைப்புக்கான தியோஃபிலின் ஆகியவற்றின் அளவு உடலில் கூடி ஆபத்து நேரலாம். 5-ஃப்ளூரோயுராசிலின் அளவும் கூடக்கூடும். ஜப்பானிய ஆய்வில் கண்ட நன்மையில் ஒரு பகுதி இதனால் வந்திருக்குமோ என்ற கேள்வி அதனாலேயே எழுகிறது. நீண்ட நாள் எடுத்துக்கொள்ளும் ஆண்கள் சிலருக்கு மார்பு வீங்குவதும், முதியவர்களுக்கு மனக் குழப்பம் ஏற்படுவதும் உண்டு.

மற்ற வகை மாத்திரைகளிலும் எச்சரிக்கை தேவை. ரானிடிடினில் என்டிஎம்ஏ என்ற மாசு இருப்பது 2019இல் தெரியவந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதைச் சந்தையிலிருந்து விலக்கச் சொன்னது. இந்தியாவின் 2022ஆம் ஆண்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் ரானிடிடின் நீக்கப்பட்டது. ஒமிப்ரசோல் வகை மருந்துகளைக் கேப்சிடபின் என்ற கீமோதெரபி மாத்திரையோடு சேர்த்து எடுத்தவர்களில் சிகிச்சையின் பலன் குறைந்திருக்கலாம் என்று, இரைப்பைப் புற்றுநோயாளிகளின் தரவுகளை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த ஒரு கட்டுரை காட்டியது. பெருங்குடல் புற்றுநோய்க்கும் கேப்சிடபின் பரவலாகக் கொடுக்கப்படுவதால் இது பொருட்படுத்த வேண்டிய செய்தி.

அரை நூற்றாண்டின் கணக்கைக் கூட்டினால் கிடைப்பது இதுதான். சிமெடிடின் பெருங்குடல் புற்றுநோயாளிகள் சிலருக்கு உதவக்கூடும் என்பதற்கு நியாயமான தடயங்கள் உண்டு. அது எப்படி உதவும் என்பதற்கு ஆய்வக விளக்கமும் உண்டு. ஒரு மருந்தைச் சிகிச்சை என்று அழைக்கத் தேவையான பெரிய சான்று மட்டும் இல்லை. அதனால் நிலையான சிகிச்சை நெறிமுறைகளில் அதற்கு இடமில்லை. அறுவையும் கீமோதெரபியும் செய்யும் வேலையை எந்த அமில மாத்திரையும் செய்யாது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் வீட்டில் கைவசம் உள்ள வயிற்று மாத்திரையைத் தாமாகத் தொடங்கவும் கூடாது, எடுத்துக்கொண்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் இருக்கவும் கூடாது.